தூளி கட்டிய கொட்டகை

ஏழு மாதக் குழந்தை ஒன்று எங்களிடம் வேலை பார்க்கிறது என்று சொல்லி எங்கள் கடையை மூடினார்கள்.

கடை என்றால் ஷட்டர் போட்ட கடை இல்லை. கைவினைப் பொருள் விற்கும் ஓர் இணையச் சந்தையில் எங்களுக்கென்று ஒரு பக்கம், அவ்வளவுதான். வாழைநாரில் நாங்கள் பின்னுகிற கூடை, கைப்பை, மேசை விரிப்பு எல்லாம் அதில் படத்தோடு இருக்கும். அன்று காலை பல்கூட விளக்காமல் போனைத் திறந்தால், கூடைகள் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பட்டை. 'தயாரிப்பு நெறிமுறைகளை மீறியதாகப் புகார் வந்திருப்பதால் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்று அதில் எழுதியிருந்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. போனைக் கட்டிலில் வீசிவிட்டு, பிறகு உடைந்திருக்குமோ என்று நானே ஓடிப்போய் எடுத்துப் பார்த்தேன்.

புகாருக்குக் காரணம் நான் எடுத்த ஒரு படம். 'பொருளைச் செய்கிறவர்களை வாங்குகிறவர்களுக்குக் காட்டுங்கள்' என்று சந்தைக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதால், எங்கள் கொட்டகையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். மடியில் பாதி பின்னிய கூடை. பின்னால் உத்தரத்திலிருந்து ஒரு சேலைத் தூளி தொங்குகிறது. தூளியிலிருந்து ஒரு கயிறு வந்து அவள் கால் கட்டைவிரலில் சுற்றியிருக்கிறது. கை கூடை பின்னும், கால் தூளியை ஆட்டும். நான் படம் எடுத்த நேரத்தில் குழந்தை தூளியிலிருந்து கையை வெளியே நீட்டி, பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த நார் ஒன்றைப் பிடித்திருந்தது. அழகாக இருக்கிறதே என்று அதையே போட்டுவிட்டேன்.

எங்கள் ஊர் நீடாமங்கலத்தில் அந்தப் படத்தை யாரிடம் காட்டியிருந்தாலும், "புள்ளைக்கு முதல்ல சுத்திப் போடு" என்றுதான் சொல்லியிருப்பார்கள். கடல் தாண்டி எங்கோ இருந்த ஒருவர் கண்ணுக்கு வேறாகத் தெரிந்திருக்கிறது. காலில் கயிறு கட்டி உட்காரவைக்கப்பட்ட ஒரு பெண். கையில் நாரோடு, அவளுக்கு உதவி செய்யும் ஒரு பச்சைக் குழந்தை. கொத்தடிமை என்றும் குழந்தைத் தொழிலாளர் என்றும் இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டார். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கால் கயிற்றைக் கட்டியவளும் அவளே, அவிழ்ப்பவளும் அவளே என்று யாருக்குப் போய்ச் சொல்வது? சிரித்து முடித்ததும் வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

குழந்தைத் தொழிலாளர் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித்தர வந்தது, கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்த கதை. எங்கள் தெருவே கூலிக்கு நட்டுக் கூலிக்கு அறுத்த தெரு. மூன்றாம் வகுப்புப் படிக்கும்போதே நடவுக் காலத்தில் என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிடுவார்கள். நாற்றங்காலில் பறித்துக் கட்டிய நாற்று முடிகளை வரப்பு வழியாகச் சுமந்துபோய், நடுகிற பெண்களுக்கு எட்டும்படி சேற்றில் வீச வேண்டும். பெரியவர்களுக்குக் கூலி என்றால் எனக்கு ஒரு தூக்குச் சோறு. விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்து, பள்ளிக்குத் திரும்பிப் போகும்போது நொண்டிக்கொண்டுதான் போவேன். வரப்போரத்துப் பூவரச மரத்தில் தூளி கட்டி, அதில் என் தம்பியைப் போட்டிருப்பார்கள். அம்மா ஒவ்வொரு முறை கரைக்கு வரும்போதும் அவனுக்குப் பால் கொடுப்பாள். தூளியில் கிடந்த அவன் வேலைக்காரன் இல்லை. தூளியை விட்டு இறங்கி நடக்கத் தெரிந்த நான்தான் வேலைக்காரி. இந்த வித்தியாசம் தெரியாதவர்களிடம்தான் இப்போது நான் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

அதனால்தான் கொட்டகை தொடங்கிய நாளிலிருந்தே ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் போகும் வயதில் இருக்கும் எந்தப் பிள்ளையும் நாரைத் தொடக் கூடாது. கோடை விடுமுறையில் ஒருத்தி தன் மகளைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்துக் கயிறு முறுக்கச் சொன்னாள். அந்தப் பெண் என்னைவிட அழகாகத்தான் முறுக்கினாள். நான் கையிலிருந்ததைப் பிடுங்கி வைத்துவிட்டு, "நாளையிலேருந்து இவ உள்ள வரக்கூடாது" என்றேன். "என் புள்ளை, நான் சொல்லிக்குடுக்குறேன், உனக்கென்ன?" என்று கோபித்துக்கொண்டு அவள் ஒரு வாரம் வேலைக்கு வரவில்லை. வராவிட்டால் போகட்டும் என்று நானும் கூப்பிடவில்லை. அவளாகத்தான் வந்தாள், மகளை விட்டுவிட்டு.

சந்தைக்காரர்கள் அனுப்பிய நெறிமுறைகளை முழுக்கப் படித்தேன். படிக்காமல் திட்டுவது எனக்குப் பிடிக்காது. பாதிக்கு மேல் நியாயமாகத்தான் இருந்தது. பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்றார்கள். சரி, அது ஏற்கெனவே இருக்கிறது. துண்டு வேலைக்குக் கொடுக்கும் கூலி, நாள் கூலிக்குக் குறையக் கூடாது என்றார்கள். அதைச் சொன்னவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். சாயத் தண்ணீரை நீர்நிலையில் விடக் கூடாது என்றார்கள். வாய்க்காலில் விட்டால் கீழ்மடைக்காரர்கள் மண்வெட்டியோடு வந்து நிற்பார்களே, அதைவிடவா இவர்கள் கேட்டுவிடப் போகிறார்கள்!

சில கேள்விகளைப் படித்தால் அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. மூலப்பொருள் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத நிலத்திலிருந்து வந்ததற்கு ஆவணம் வேண்டுமாம். திருவையாற்றுப் பக்கம் ஆற்றுப் படுகையில் தார் வெட்டிய பிறகு சாய்த்துப்போட்ட வாழைமரத்தின் மட்டை அது. யாராவது தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று தோட்டக்காரர்கள் காத்துக்கிடக்கிறார்கள். வெட்டிப்போட்ட மட்டைக்குச் சிட்டா அடங்கல் எங்கே போய் வாங்குவது? கிராம நிர்வாக அலுவலரிடம் போய்க் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மட்டைக்கெல்லாமாம்மா?" என்றார். தோட்டக்காரரே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை ஏற்றுக்கொண்டார்கள்.

கடைசியில்தான் அந்த விதி இருந்தது. பதினான்கு வயதுக்குக் குறைந்த எவரும், எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் உற்பத்தி நடக்கும் இடத்தில் இருக்கக் கூடாது. அதைச் சரிபார்க்க வீடியோ அழைப்பில் ஓர் ஆய்வு நடக்கும். தேறினால் கடை திறக்கும். பக்கத்தின் மேல் 'நெறிசார் தயாரிப்பு' என்று ஒரு பச்சை முத்திரையும் தருவார்கள். முத்திரை உள்ள கடைகள்தான் தேடும்போது முதலில் வரும் என்று எல்லா விற்பனையாளர்களுக்கும் தெரியும்.

விதி ஒரு வரிதான். அந்த வரி போய் விழுந்தது படத்தில் இருந்த அந்தப் பெண்ணின் தலையில். மன்னார்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றுகொண்டு சேலை விரித்துக் காட்டும் வேலை பார்த்தவள். வயிறு தெரிய ஆரம்பித்ததும், "பிரசவம் முடிஞ்சு பாத்துக்கலாம்" என்று நிறுத்திவிட்டார்கள். முடிந்து போய்க் கேட்டபோது இடம் இல்லை என்றார்கள். கணவன் திருப்பூரில் இருக்கிறான். வருகிற காசு வந்தால் உண்டு. மாமியார் இல்லை. அம்மா திருத்துறைப்பூண்டிப் பக்கம், அவளே நோயாளி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற இடத்தில் வேலை கிடைத்தால்தான் அவளுக்கு வேலை. எங்கள் கொட்டகையை விட்டால் அவளுக்கு நூறு நாள் வேலைத் திட்டத்து வெயில்தான்.

அந்த வாரமே தஞ்சாவூரிலிருந்து ஒரு மொத்த வியாபாரி வந்தார். புறவழிச்சாலையில் அவருக்குப் பெரிய பின்னல் கூடம். அதே சந்தையில் அவருக்கும் கடை இருக்கிறது; முத்திரையும் இருக்கிறது. எங்கள் பக்கம் மூடியதை எப்படியோ தெரிந்துகொண்டு வந்திருந்தார். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டதில் வரும்போதே எரிச்சலாக இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து மோரைக் குடித்துவிட்டு எனக்குப் புத்தி சொன்னார்.

"இன்ஸ்பெக்‌ஷன்னா என்னன்னு நெனச்ச தங்கச்சி? கேமரா வர்ற ஒரு மணி நேரம். அன்னைக்கு மட்டும் தூளியை அவுத்து வச்சிடு. புள்ளையைப் பக்கத்து வீட்டுல குடுத்துடு. முத்திரை கைக்கு வந்தப்புறம் பத்துத் தூளி கட்டிக்க, யாரு கேக்கப் போறா?"

"உங்க கூடத்துல அப்படித்தான் பண்ணீங்களாண்ணே?"

"என் கூடத்துல புள்ளைக்காரிங்களே கிடையாதே!" என்று பெருமையாகச் சொன்னார். பிறகு, "இதெல்லாம் உனக்குத் தலைவலின்னா சொல்லு, சரக்கை எங்கிட்ட குடுத்துடு. என் கடையில என் முத்திரையோட வித்துக்கிறேன்" என்றார்.

நான் சொன்னேன்: "ஒரு புள்ளையை மறைச்சு வச்சு வாங்குற முத்திரைக்கு நேர்மைன்னு பேரா? முழுப் பூசணிக்காயையாவது சோத்துல மறைச்சிடலாம். அது கத்தாது."

அவர் எழுந்துகொண்டார். வாசல்வரை போய்த் திரும்பி, "வீம்பு பண்றவங்க யாரும் வியாபாரம் பண்ணுனது இல்ல தங்கச்சி" என்றார். அந்த மனுஷன் காரை எடுத்துக்கொண்டு போனதும், அவர் குடித்த மோர் தம்ளரை இரண்டு முறை தேய்த்துக் கழுவினேன்.

எனக்குப் பின்னால் எல்லாரும் நிற்பார்கள் என்று நினைத்திருந்தேன். அதுதான் இல்லை. கொட்டகையில் வயதில் மூத்தவர் ஒருவர் உண்டு. அம்மாவோடு சேர்ந்து நடவுக்குப் போனவர். சின்னம்மா என்று கூப்பிடுவேன். வாய்க்கு எதிரே யாரும் நிற்க முடியாது. வியாபாரி சொன்னது முழுவதும் அவர் காதில் விழுந்திருக்கிறது. மறுநாள் காலை நாரை நனைத்துக்கொண்டே பிடித்துக்கொண்டார்.

"அந்தாளு சொன்னதுல என்ன தப்பு? கலெக்டர் வர்றாருன்னா ரோட்டுல சுண்ணாம்பு போடலையா? அது மாதிரி ஒரு நாள் வேஷம். உன் வீம்புக்கு எங்க வயித்துல அடிக்காத பொண்ணே. ஒரு புள்ளைக்காரிக்காகப் பத்து பேரு அடுப்பு அணையணுமா?"

மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு பின்னினார்கள். எனக்கு வலித்தது. அவர்கள்மேல் கோபப்படவும் முடியவில்லை. நிறுத்திவைத்த கடையில் யார் கூடை வாங்குவார்கள்? நான் சொல்ல வேண்டியதை எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன்.

"வேஷம் போட்டா, நாம தப்பு பண்றோம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி சின்னம்மா. தப்பு பண்ணலையே நாம. அம்மா இருக்குற எடத்துல புள்ளை இருக்குறது எந்த ஊர்ல தப்பு?"

"தப்பு சரியெல்லாம் சோறு போடாது" என்றார் சின்னம்மா.

குழந்தைக்காரிதான் குறுக்கே வந்தாள். கால் கட்டைவிரலில் இருந்த கயிற்றை மெதுவாகக் கழற்றிக்கொண்டே, "சண்டை வேணாங்க்கா. நான் வேணா நின்னுக்கிறேன். புள்ளை பால்வாடிக்குப் போற வயசு வந்ததும் திரும்ப வர்றேன்" என்றாள். ஜவுளிக்கடையிலும் இவள் இப்படித்தான் எழுந்து வந்திருப்பாள் என்று தோன்றியது. எனக்குத் தாங்கவில்லை. "நீ உக்காரு. உன்னை யாராவது போகச் சொன்னாங்களா?" என்று அவளிடம் போய் எரிந்துவிழுந்தேன். அவள் பயந்துபோய் உட்கார்ந்தாள்.

ஆய்வு நாளன்று காலையில் இஸ்திரி போட்ட சேலையோடு கொட்டகைக்குப் போனேன். எதையும் மறைக்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான் போனேன். உள்ளே நுழைந்து நிமிர்ந்தால் உத்தரம் மொட்டையாக இருந்தது. தூளியைக் காணோம். தூளி தொங்கிய இடத்துக்கு நேர் கீழே தரையைக் கழுவிக் கோலம் வேறு போட்டிருந்தார்கள். குழந்தையைப் பின்வீட்டில் கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். யார் அவிழ்த்தது என்று நான் கேட்கவில்லை. சின்னம்மா என் கண்ணைப் பார்க்காமல் விளக்குமாற்றை எடுத்து, ஏற்கெனவே கூட்டிய இடத்தையே கூட்டினார்.

கட்டச் சொல்லலாம் என்று வாயைத் திறக்கும்போது போன் அடித்துவிட்டது.

திரையில் வந்தது ஓர் இளம்பெண். கழுத்தில் அடையாள அட்டை, காதில் ஹெட்செட். தமிழில்தான் பேசினாள், நகரத்துத் தமிழ். "வணக்கம் மேடம், போனைக் கையில வச்சுக்கிட்டு நான் கேக்கிற இடத்தையெல்லாம் காட்டுங்க" என்றாள். காட்டினேன். கழிப்பறை, குடிதண்ணீர்ப் பானை, சாயத் தொட்டி, முதலுதவிப் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் "ஓகே மேடம்" என்றாள். அவள் நல்ல பெண்தான். அவள் ஒவ்வொரு முறை ஓகே சொல்லும்போதும் நான் ஒரு படி தாழ்ந்துபோன மாதிரி எனக்கு இருந்தது.

பின்னுகிறவர்களைக் காட்டச் சொன்னாள். வரிசையாகக் காட்டிக்கொண்டு வந்தேன். அப்போதுதான் பின்வீட்டில் குழந்தை அழ ஆரம்பித்தது.

முதலில் சிணுங்கல். யாரோ "ஆராரோ" என்று தட்டிக்கொடுப்பதும் கேட்டது. பிறகு அது வீறிட்டது. கொட்டகையில் எல்லாருடைய கையும் நின்றுவிட்டது, ஒருத்தியுடையதைத் தவிர. குழந்தைக்காரி தலையை நிமிர்த்தாமல் பின்னிக்கொண்டே இருந்தாள். முன்னைவிட வேகமாகப் பின்னினாள். போன் அவள் பக்கம் திரும்பியபோது நான் பார்த்தேன்: அவளுடைய ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்துகொண்டிருந்தது. பால் வழிந்து மடியில் இருந்த கூடையின்மேல் சொட்டியது. அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அதுவும் நனைந்தது. அவள் பின்னுவதை நிறுத்தவில்லை.

"மேடம், அவங்களுக்கு என்ன ஆச்சு?" என்றது திரையில் இருந்த குரல்.

நான் குழந்தைக்காரி பக்கத்தில் உட்கார்ந்து கூடையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "எழுந்து போ" என்றேன். அவள் சின்னம்மாவைப் பார்த்தாள். சின்னம்மாவின் கையில் விளக்குமாறு அப்படியே நின்றது. "போடி, புள்ளை கத்துது" என்றார் சின்னம்மா. அவள் ஓடினாள்.

நானும் போனைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பின்வீட்டு வாசலில் குழந்தையை வாங்கிக்கொண்டு அவள் கொட்டகை வாசலுக்குத் திரும்பி வந்தாள். கேமராவை வானத்துப் பக்கம் திருப்பி, அவள் உட்கார்ந்து பால் கொடுத்துச் சேலையைச் சரிசெய்யும் வரைக்கும் தென்னை மட்டையைத்தான் திரையில் இருந்தவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். பிறகு திருப்பினேன். மடியில் குழந்தை. அழுத கண்ணோடு தூங்கிக்கொண்டிருந்தது.

"பாத்துக்குங்கம்மா. இந்தக் கொட்டகையில தினமும் ஒரு குழந்தை இருக்கு. இன்னைக்கு உங்களுக்காக ஒளிச்சு வச்சோம். இதோ இந்த உத்தரத்துலதான் தூளி தொங்கும். எழுதிக்குங்க."

திரையில் அவள் எதையோ தட்டி எழுதினாள். "என் ஃபார்மேட்ல ஒரு கேள்வி இருக்கு மேடம், கேட்டுத்தான் ஆகணும்" என்று தயங்கினாள். "அந்த இடத்துல இருக்கிற குழந்தை என்ன வேலை செய்யுது?"

"பால் குடிக்குது" என்றேன். "அதுக்குக் கூலி வேணும்னா அது தன் அம்மாகிட்டதான் கேக்கணும்."

கொட்டகையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரையில் இருந்தவள் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டாளா என்பதும் எனக்குத் தெரியவில்லை. "ரூல் நான் போட்டது இல்லை மேடம்" என்றாள்.

"தெரியும்மா. உங்கமேல எனக்குக் கோபம் இல்ல. ரூல் போட்டவங்ககிட்ட ஒண்ணு சொல்லுங்க. புள்ளையை வேலை வாங்குறவனைப் பிடிங்க, நானும் வந்து நிக்கிறேன், சாட்சி சொல்றேன். புள்ளையைப் பெத்தவ வேலைக்கு வர்றதைத் தடுக்காதீங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல."

"பாத்ததைப் பாத்தபடி எழுதறேன்" என்று சொல்லி அழைப்பை முடித்துக்கொண்டாள்.

பாத்தபடிதான் எழுதியிருந்தாள், அதில் குறை சொல்ல மாட்டேன். குழந்தைத் தொழிலாளர் இல்லை, கொத்தடிமை இல்லை, புகார் தவறு என்று முடிவாகிக் கடை திறந்தது. ஆனால் முத்திரை கிடையாது. குழந்தைகள் எவரும் உள்ளே வர மாட்டார்கள் என்று நான் உறுதிமொழி கொடுத்தால் முத்திரை தரத் தயார் என்று ஒரு வாசகத்தை அனுப்பி, பக்கத்தில் ஒரு கட்டமும் வைத்திருந்தார்கள். அந்தக் கட்டத்தைத் தொட்டால் போதும். வந்து பார்க்கப் போவதில்லை என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்த முறை எல்லாரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். முத்திரை இல்லாவிட்டால் நம் கூடைகள் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடும், ஆர்டர் குறையும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். "நான் தொட மாட்டேன். தொடணும்னு நீங்க நெனச்சா வேற ஆளை வச்சு நடத்திக்குங்க, நானும் உங்களோட உக்காந்து பின்னுறேன்" என்றேன். யாரும் தொடச் சொல்லவில்லை. சின்னம்மா, "ஆர்டர் குறையும்னா எம்புட்டுக் குறையும்?" என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை என்றேன். தெரியாததற்கு அவர் ஒரு பெருமூச்சு விட்டார்.

குறையத்தான் செய்தது. சில வாரங்கள் அட்டைப்பெட்டி ஒட்டும் டேப்பைத் தொடக்கூட வேலை இல்லை. குறுவை அறுவடைக்குக்கூட எல்லா இடத்திலும் இயந்திரம் வந்துவிட்டதால், வயல் வேலைக்கும் போக வழியில்லை. சிலர் பூதலூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போவதைப் பற்றிப் பேசினார்கள். நான் எங்கள் கடைப் பக்கத்தின் மேலேயே, முத்திரை இருக்க வேண்டிய இடத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவைத்தேன்: 'இங்கே குழந்தைகள் இருக்கிறார்கள். வேலை செய்யும் குழந்தைகள் இல்லை. அம்மாக்கள் வேலை செய்யும் இடம் இது.' அதைப் படித்துவிட்டு இரண்டு பேர் திட்டி எழுதினார்கள். ஓர் அம்மா, எந்த ஊரோ, மேசை விரிப்பு வாங்கிக்கொண்டு தன் மகள் தொட்டிலில் கிடக்கும் படத்தை அனுப்பினார். ஆர்டர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பழைய அளவுக்கு இன்னும் வரவில்லை. வரும் என்று யாரிடமும் நான் சத்தியம் செய்யவும் இல்லை.

இப்படி இருக்கிற வேலையே பத்துப் பேருக்குப் போதாமல் இருந்த ஒரு நாள், தஞ்சாவூர்ப் பேருந்தில் வந்து இறங்கிய ஒரு பெண் விசாரித்துக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்து நின்றாள். கையில் மூன்று மாதம்கூட ஆகாத குழந்தை. தோளில் ஒரு பை. தன் பிறந்த வீடு பக்கத்து ஊர்தான் என்றும், மொத்த வியாபாரியின் கூடத்தில் நன்றாகப் பின்னிக்கொண்டிருந்ததாகவும் சொன்னாள்.

"இப்ப ஏம்மா போகலை?" என்று கேட்டேன்.

"புள்ளையோட உள்ள விட மாட்டேங்கிறாங்கக்கா. உள்ள விட்டா முத்திரை போயிடுமாம்."

நான் பதில் சொல்வதற்குள் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். இன்னொருத்தி வந்தால் எல்லார் பங்கும் இன்னும் கொஞ்சம் குறையும். என் வீம்பு என்று சொல்லி அவர்களை அதில் மறுபடி இழுக்க எனக்கு மனம் வரவில்லை. கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

சின்னம்மா அதற்குள் எழுந்துவிட்டார். தன் பாயைச் சுருட்டித் தூணுக்கு அந்தப் பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டு, இருந்த இடத்தை அவளுக்கு விட்டார். அந்தப் பெண்ணின் பையிலிருந்து எட்டிப் பார்த்த சேலையைத் தொட்டுப் பார்த்து, "பாலியஸ்டர்ல தூளி கட்டுவியாடி? புள்ளைக்கு வேர்த்துக் கொட்டும்" என்று திட்டினார். தன் கொடியில் காய்ந்துகொண்டிருந்த பழைய நூல் சேலையை வீட்டிலிருந்து எடுத்துவந்து, முக்காலியில் ஏறி, உத்தரத்தில் தானே கட்டினார். இழுத்து இழுத்துப் பார்த்தார். தன் முழு பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கினார். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"அந்தப் பொண்ணு திரும்பப் போன்ல வந்து கேட்டான்னா, இப்ப ரெண்டுன்னு சொல்லு."